முதல்ல ஆயில், அப்புறம்தான் சாவி

இந்த வாரப் பாட்காஸ்ட்ல ஸ்டார்ட்-அப் வரிசை பத்திப் பேசினோம். டேட்டாபேஸ் எழும்புறதுக்கு முன்னாடி ஆப் எழும்பிட்டா எரர் வரும்; ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம். புதுசா பிரிச்சுக் கட்டின பழைய கார் எஞ்சின்ல அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஏன்? கிராங்க்ஷாஃப்ட் ஓடும்போது பேரிங் மேல நேரா உட்காருவதில்லை, நடுவில் இருக்கிற ஆயில் படலத்தில் மிதக்குது. அந்த இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். கட்டி முடிச்ச எஞ்சின்ல பம்ப், ஃபில்டர், ஆயில் வழிகள் எல்லாமே காலி. அசெம்பிளி லூப் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள ஆயில் வரலேன்னா பேரிங் உரசிப் போகும், மாசக்கணக்கான உழைப்பும் காசும் போச்சு.

1955-ல வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8-ஐ எடுத்துக்குவோம். இதில் ஆயில் பம்பைச் சுத்துறது டிஸ்ட்ரிபியூட்டர். அதனால எஞ்சினை ஓட்டாமலே பம்பை ஓட்டலாம்:

1. ஆயில் ஊத்துங்க. ஃபில்டரையும் நிரப்பி மாட்டுங்க.
2. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி, பிரைமிங் டூலை இறக்குங்க. வெறும் ஸ்க்ரூடிரைவர் கம்பி போதாது. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு அடைச்சிருந்த ஆயில் வழி திறந்துக்கும், பிரஷர் கசியும்.
3. பலமான ட்ரில்லால கடிகாரச் சுற்றில் ஓட்டுங்க. ஆயில் ஏறினதும் ட்ரில் சட்டுனு கனமாகும், கேஜ் முள்ளும் எழும்பும்.
4. நிறுத்தாதீங்க. இன்னொருத்தர் கிராங்கை 90 டிகிரி, 90 டிகிரியா திருப்பட்டும். எல்லா ராக்கரிலும் ஆயில் வழியுறதைக் கண்ணால பார்க்கணும்.
5. முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல மேலே கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்டுங்க.

எல்லா எஞ்சினுக்கும் இந்த வழி சரிவராது. எம்ஜிபி காரில் பம்பைத் தனியா கேம்ஷாஃப்ட்டே ஓட்டுது, ட்ரில்லுக்கு இடமில்லை. அங்கே ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டிட்டு ஸ்டார்ட்டரைச் சின்னச் சின்னதா அடிக்கணும். கம்ப்ரஷன் இல்லாததால பேரிங் மேல சுமை குறைவு. ஆனா ரொம்ப நேரம் சுத்தினா கேம் மேல தடவின லூப் வழிச்சுப் போயிடும்.

ரெண்டுலயும் விதி ஒண்ணுதான்: முள் எழும்பின பிறகுதான் பெட்ரோலும் ஸ்பார்க்கும். அப்பா, மாமா யாராவது கராஜ்ல பழைய கார் கட்டிட்டிருந்தா, ட்ரில் பிடிக்கிற வேலையை நீங்க கேட்டு வாங்குங்க.