மீன் தொட்டிக்கு ஒரு மரக்கட்டை

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் அலிப்பூர் இருக்கிறது. அங்கே புகழ் பெற்ற விலங்குக் காட்சிச்சாலை உண்டு. அது 1876ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில், மீன் காட்சியகம் ஒன்றையும் அமைத்தார்கள்.

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வண்ண மீன்களைப் பார்த்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "நம் வீட்டிலும் மீன் வளர்ப்போம்" என்று கேட்பார்கள். கொல்கத்தாவில் வண்ண மீன் வாங்கப் பலரும் கேலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவார்கள். நம் சென்னையில் கொளத்தூர் இதற்குப் பெயர் பெற்ற இடம்.

மீன் கடைகளில் வளைந்து நெளிந்த மரக்கட்டைகளும் விற்பனைக்கு இருக்கும். 'டிரிப்ட்வுட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆற்றிலோ கடலிலோ பல காலம் கிடந்து, பட்டை உரிந்து, மென்மையான பகுதி அழிந்து, வைரம் மட்டும் மிஞ்சிய கட்டை இது. கட்டை வாங்க வந்த ஓர் அம்மாவும் கடைக்காரரும் பேசுவதைக் கேளுங்கள்.

"அண்ணே, இந்தக் கட்டையை இன்றைக்கே தொட்டியில் போடலாமா?"

"வேண்டாம் அம்மா. பொறுத்துத்தான் போட வேண்டும்."

"நன்றாகக் காய்ந்துதானே இருக்கிறது?"

"காய்ந்த கட்டை வேறு, தயாரான கட்டை வேறு. அவசரப்பட்டால் மீன் செத்துப்போகும்."

கடைக்காரர் சொன்னது சரி. ஏன் என்று பார்ப்போம்.

கட்டை எதற்கு?

கட்டை வெறும் அழகுக்காக அல்ல. பயந்த மீன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். கட்டையின் மேல் பாசி வளரும். சக்கர் மீன் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்னும். சில நீர்ச்செடிகளைக் கட்டையில் கட்டி வளர்க்கலாம்.

எந்தக் கட்டை ஆகும்?

கட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடிந்து உதிர்ந்தால் வேண்டாம். முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம், எண்ணெய் வாடை, மருந்து வாடை இருந்தால் வேண்டாம். பச்சை மரமும் பிசின் வடியும் மரமும் ஆகாது. சாயம் பூசிய பலகையும், கரையான் மருந்து அடித்த மரமும் ஆகாது. அரளி, எட்டி போன்ற நச்சு மரங்களைத் தொட்டியில் போடவே கூடாது.

காட்டில் எடுக்கலாமா?

கொல்கத்தாவுக்குத் தெற்கே சுந்தரவனம் இருக்கிறது. கடலும் ஆறுகளும் கலக்கும் சேற்று நிலக் காடு அது. 1984இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. 1987இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவில் அனுமதி இல்லாமல் மரமோ வேரோ எடுப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. விழுந்து கிடக்கும் கட்டைதானே என்று நினைக்கக் கூடாது. அதன் அடியிலும் நண்டும் மீன் குஞ்சும் வாழ்கின்றன.

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. நம் பிச்சாவரத்தில் தில்லை மரம் வளர்கிறது. சுந்தரவனத்திலும் அந்த மரம் உண்டு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே இன்ன மரம் என்று தெரியாத கட்டையைத் தொடாதீர்கள். கடையில் கேட்டு வாங்குங்கள்.

தயார் செய்யும் முறை

1. தேய்த்தல்: நார்த் தேய்ப்பானால் மண்ணையும் ஒட்டிய பட்டையையும் நீக்குங்கள். சோப்பும் சோப்புத் தூளும் கூடாது. மரம் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு தொட்டி நீரில் சிறிது சிறிதாகக் கக்கும்.

2. வேகவைத்தல்: கட்டை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். பூச்சி, முட்டை, பூஞ்சை எல்லாம் அழியும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் கொதிக்க வையுங்கள். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள். பிள்ளைகளை அடுப்பின் பக்கம் விடாதீர்கள். பாத்திரத்தில் அடங்காத பெரிய கட்டையை வாளியில் வைத்துக் கொதிநீர் ஊற்றலாம்.

3. ஊறவைத்தல்: வாளி நீரில் கட்டையை மூழ்க வையுங்கள். மேலே ஒரு கல்லை வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். வாளியை மூடி வையுங்கள். இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும். தண்ணீரை மாற்றும்போது வாளியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள்.

4. சோதித்தல்: கட்டையைச் சுத்தமான நீரில் மூன்று நாள் தனியாகப் போட்டு வையுங்கள். நாற்றம் இல்லை, கட்டை மிதக்கவில்லை, நீர் மிகவும் கறுக்கவில்லை என்றால் கட்டை தயார்.

கட்டை ஏன் மிதக்கிறது? மரத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றில் காற்று இருக்கிறது. நீர் புகுந்து காற்று வெளியேறியதும் கட்டை மூழ்கும். பொறுக்க முடியாவிட்டால் கருங்கல் துண்டோடு நைலான் நூலால் கட்டலாம். செம்புக் கம்பி வேண்டாம். செம்பு மீனுக்கு நஞ்சு. இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்.

தண்ணீர் பழுப்பாகிறதே!

பயப்பட வேண்டாம். தேயிலையில் துவர்ப்பு இருக்கிறது அல்லவா? அதே வகைப் பொருள் மரத்திலும் உண்டு. அதன் பெயர் டானின். அதுதான் நீரைக் கட்டன் சாயா நிறமாக்குகிறது. இளம் பழுப்பு நிறத்தால் கெடுதல் இல்லை. ஆனால் டானின் நீரைக் கொஞ்சம் புளிப்பாக்கும். டெட்ரா, ஏஞ்சல் மீன்களுக்கு இது ஒத்துக்கொள்ளும். கப்பி, மோலி மீன்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த மீன்கள் இருந்தால் கட்டையை அதிக நாள் ஊறவையுங்கள். தொட்டி நீரையும் அடிக்கடி கொஞ்சம் மாற்றுங்கள். குழாய் நீரைப் பிடித்தவுடன் ஊற்றாதீர்கள். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினால் குளோரின் குறையும்.

வெள்ளைப் படலம்

புதுக் கட்டையின் மேல் பஞ்சு போல வெள்ளைப் படலம் வரலாம். இது பெரும்பாலும் மீனுக்குத் தீங்கு செய்யாது. கட்டையை எடுத்துத் தேய்த்துக் கழுவினால் போதும். சில வாரங்களில் வருவது நின்றுவிடும். ஆனால் கட்டை கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டை உள்ளே அழுகிறது.

மீன் வாய் திறந்து சொல்லாது. மூச்சு முட்டினால் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். அதைப் பார்க்கும் முன்பே நாம் கவனமாக இருக்க வேண்டும். சில நாள் பொறுமை, காசு கொடுத்து வாங்கிய மீனின் உயிரைக் காக்கும்.

நினைவில் கொள்வோம்

• சோப்பு வேண்டாம்.
• வேகவைத்து, ஊறவைத்து, சோதித்த பிறகே தொட்டியில் போடுவோம்.
• ஊறும் வாளியில் கொசு வளர விடமாட்டோம்.
• காட்டு மரத்தைக் காட்டிலேயே விடுவோம்.

விடை சொல்லுங்கள்

1. கட்டையைச் சோப்புப் போட்டு ஏன் கழுவக் கூடாது?
2. தொட்டி நீர் ஏன் பழுப்பாகிறது?
3. தில்லை மரத்தின் பாலால் என்ன ஆபத்து?
4. உங்கள் வீட்டில் நீர் தேங்கும் பாத்திரங்கள் எவை? பட்டியல் எழுதுங்கள்.