கிளி கடிக்கிறதா? முதலில் உங்கள் கையை மடக்கிக் கொள்ளுங்கள்!

குன்றத்தூரில் மலையடிவாரப் பக்கம் இருந்து ஒரு குடும்பம் என்னிடம் வைத்தியத்துக்கு வருவது வழக்கம். பாட்டிக்கு மூட்டுவலி. தைலம் தீர்ந்ததும் வந்து வாங்கிப் போவார்கள். சில மாதங்களுக்கு முன் வந்தபோது பத்து வயதுப் பேத்தியையும் அழைத்து வந்திருந்தார்கள். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் காயம் முழுக்கக் காப்பித்தூள்!

"கிளி கடிச்சிடுச்சு டாக்டர். இதோட மூணாவது தடவை. யாருக்காவது கொடுத்துடலாம்னா இவ அழறா" என்றார் அம்மா.

"கொடுக்கறது என்ன? கூண்டைத் தொறந்து விட்டா அது பாட்டுக்குப் பறந்து போயிடும்" என்றார் பாட்டி. பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

விஷயம் இதுதான். அப்பா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். உடன் வேலை பார்த்தவருக்கு வெளிமாநிலத்துக்கு மாற்றல். போகும்போது தன் கிளியைக் கூண்டோடு இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். வந்து மூன்று வாரம். பழைய வீட்டில் தோளில் உட்கார்ந்து கொஞ்சிய கிளி, இங்கே கையை நீட்டினாலே ரத்தம் பார்க்கிறது.

முதலில் காயத்தைப் பார்ப்போம். கிளி கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிஷமாவது கழுவுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு இரண்டும் வேண்டாம். மஞ்சளைப் பற்றி நான் உயர்வாகப் பேசுகிறவன்தான். ஆனால் ஆழமாகக் குத்திய காயத்தை டப்பாவிலிருக்கும் சமையல் மஞ்சள்பொடியால் மூடாதீர்கள், அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று டாக்டரிடம் கேளுங்கள். கண், உதடு, விரல் மூட்டு ஆகிய இடங்களில் கடி விழுந்தாலோ, மறுநாள் வீங்கிச் சிவந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அது பாலூட்டிகளிடமிருந்து வருவது, பறவைகளிடமிருந்து வருவதில்லை.

அடுத்து, அது என்ன கிளி என்று கேட்டேன். இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். கழுத்தில் வளையம் போட்ட நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு சொல்லும் பழக்கும் முறைகள் உங்களுக்கு இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். 2024 ஏப்ரலில், தேர்தல் சமயத்தில், கடலூர்ப் பக்கம் கிளி ஜோசியம் சொன்னவரையே வனத்துறை பிடித்து எச்சரித்து அனுப்பியது நினைவிருக்கும். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து வளர்க்கறோம்" என்பதெல்லாம் செல்லாது. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். நீங்களாக மொட்டைமாடியிலிருந்து பறக்க விடாதீர்கள். கூண்டிலேயே இருந்த பறவைக்கு இறக்கையில் வலு இருக்காது. காக்கைக் கூட்டம் சும்மா விடாது.

இவர்கள் வீட்டில் இருந்தது 'சன் கோன்யூர்'. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து நெருப்புத் துண்டு மாதிரி இருக்கும். பூர்வீகம் தென் அமெரிக்கா. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் உள்ள இந்த மாதிரி வெளிநாட்டுப் பறவைகளை மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். "ஃப்ரெண்டு சும்மா கொடுத்தார்" என்றாலும் அப்படித்தான். பாட்டி சொன்னபடி இதைத் திறந்து விட்டால்? நம் ஊரில் எதைத் தின்பது, எங்கே ஒண்டுவது என்று அதற்குத் தெரியாது. அநேகமாகச் செத்துப் போகும். இதைச் சொன்னதும் பாட்டி, "ஐயோ, பாவம் நமக்கெதுக்கு" என்று இறங்கி வந்துவிட்டார்.

ஏன் கடிக்கிறது?

கிளிக்கு நாய் மாதிரி மனிதனோடு பல்லாயிரம் வருஷப் பழக்கம் கிடையாது. கூண்டில் பிறந்தாலும் அதன் புத்தி காட்டுப் பறவையின் புத்திதான். மேலேயிருந்து ஒரு கை இறங்கி வந்தால் பருந்து வருகிற மாதிரிதான் அதற்குத் தோன்றும். காட்டில் என்றால் பறந்து விடும். கூண்டுக்குள் எங்கே பறப்பது? மிஞ்சியிருப்பது அலகு ஒன்றுதான்.

அதுவும் எடுத்தவுடனே கடிப்பதில்லை. முதலில் உடம்பைப் பின்னால் சாய்க்கும். இறகுகளை உடம்போடு ஒட்ட இறுக்கிக்கொள்ளும், அல்லது வாலை விசிறி மாதிரி விரிக்கும். கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி விரியும். அசையாமல் உறைந்து நிற்கும். பிறகு வாயைத் திறந்து காட்டும். இவ்வளவும் "வேண்டாம், வேண்டாம்" என்று அது சொல்லும் வார்த்தைகள். நாம்தான் "ஒண்ணும் பண்ண மாட்டேண்டா செல்லம்" என்று கையை இன்னும் உள்ளே விடுகிறோம். கடித்தால் கை போகிறது. சரி, முன்னால் சொன்னதெல்லாம் வீண், கடித்தால்தான் இவர்களுக்குப் புரிகிறது என்று கிளி கற்றுக்கொள்கிறது. மூன்றாவது தடவை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கிறது. கிளிக்குத் திமிர் என்று நாம் பெயர் வைக்கிறோம்!

நாடி பார்க்கக் கற்றபோது எங்கள் ஆசிரியர் ஒன்று சொல்வார். பயந்திருக்கிற நோயாளியின் கையைப் பிடித்தால் நாடி பயத்தைத்தான் சொல்லும், வியாதியைச் சொல்லாது. அவர் மூச்சு அடங்கும்வரை பேசிக்கொண்டிரு என்று. கிளிக்கும் இது பொருந்தும். முதலில் அதன் மூச்சு அடங்க வேண்டும்.

இந்த வீட்டில் அது அடங்க வழியே இல்லை. விசாரித்ததில் தெரிந்தது: கூண்டு ஹாலில், டி.வி. பக்கத்தில். அப்பாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட் வரும் வாரங்களில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டு வீடு வந்து சேர இரவு ஒரு மணி ஆகிறது. வந்ததும் டியூப்லைட்டைப் போடுகிறார், கூண்டருகே போய் "என்னடா தூங்கறியா" என்று கொஞ்சுகிறார், சாப்பிடுகிறார். கிளிக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேர இருட்டும் தூக்கமும் வேண்டும். பச்சைக் குழந்தையைத் தினம் நடுராத்திரி எழுப்பினால் காலையில் சிரிக்குமா? பேத்தி கடிபட்டது மூன்று தடவையும் காலையில், பள்ளிக்குக் கிளம்பும் முன் என்று அம்மா யோசித்துச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கூண்டை உள் அறைக்கு மாற்றச் சொன்னேன். ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, நம் மார்பளவு அல்லது கண்ணளவு உயரத்தில். ராத்திரி ஏழு மணிக்குப் பருத்தித் துணியால், காற்றுப் போக இடம் விட்டு மூடிவிட வேண்டும்.

பழக்கும் விதம்

முதல் வாரம் கையே கூண்டுக்குள் போகக் கூடாது, தண்ணீரும் தீனியும் வைக்கிற நேரம் தவிர. பேத்திக்கு ஒரு வேலை கொடுத்தேன். மாலையில் கூண்டிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கிளியை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கக் கூடாது. எழும்போது ஒரு சூரியகாந்தி விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. சூரியகாந்தி விதையைத் தினசரித் தீனியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எப்போதும் கிடைப்பதற்கு யார் ஆசைப்படுவார்கள்? வெறும் விதையாகவே தின்றால் கொழுப்பு ஏறி, வைட்டமின் ஏ குறைந்து நோயும் வரும். நல்ல பெல்லட் தீவனத்தோடு கீரை, கேரட், கொய்யா, கோவைப்பழம், முளைகட்டிய பயறு, கொஞ்சம் தினை, கம்பு கொடுங்கள். பச்சை மிளகாயும் தின்னும், பயப்படாதீர்கள். பறவைகளுக்கு மிளகாயின் எரிச்சல் உறைப்பதில்லை. முறுக்கு, காப்பி, சாக்லேட், அவகாடோ இவை கூடவே கூடாது.

இரண்டாம் வாரம் ஒரு ஐஸ் குச்சி. கம்பிக்கு வெளியே நீட்ட வேண்டும். கிளி ஆர்வத்தில் அலகால் தொடும். தொட்ட அந்த நொடியே "சபாஷ்" என்று சொல்லி ஒரு விதை. குச்சியை இடம் மாற்றினால் அதன் பின்னாலேயே நடக்கும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு இரண்டு தடவை போதும். அது திரும்பி நின்றால் பாடம் முடிந்தது. வற்புறுத்தக் கூடாது. வேண்டாம் என்றால் இவர்கள் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்துவிட்ட கிளிக்குக் கடிக்கவேண்டிய அவசியம் குறைந்துவிடுகிறது. நான் சொல்ல வந்ததே இந்த ஒரு விஷயம்தான்.

குச்சி பழகியபின் கம்பு. கம்பில் ஏறப் பழகியபின் கை. கையை மேலேயிருந்து கொண்டுபோகாமல் பக்கவாட்டில், வயிற்றுக்குக் கீழே அசையாமல் நீட்ட வேண்டும். ஏறுமுன் கிளி அலகால் விரலைப் பிடித்துப் பார்க்கும். அது கடி இல்லை. கிளை உறுதியா என்று சோதிக்கிறது! இந்த இடத்தில்தான் பலபேர் "ஆ" என்று கையை உதறிவிடுகிறார்கள். கிளை ஆடிவிட்டது, இனி அதை நம்பாது.

நிஜமாகவே கடித்துவிட்டால்? கத்தாதீர்கள், உதறாதீர்கள், அலகில் சுண்டாதீர்கள். பேசாமல் கையைத் தாழ்த்திப் பக்கத்திலுள்ள கம்பில் இறக்கிவிட்டு, நான் எந்த அறிகுறியைக் கவனிக்காமல் விட்டேன் என்று யோசியுங்கள். தடித்த கையுறையும் வேண்டாம், கிளிக்கு அது இன்னும் பெரிய பூதம். கொஞ்சும்போது தலை, கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகையும் வயிற்றையும் தடவினால் ஜோடி சேரும் நினைப்பு வந்து அந்தக் கோபத்திலும் கடிக்கும். நன்றாகப் பழகிய கிளி திடீரென்று கடித்தாலோ, இறகைச் சிலிர்த்தபடி சோர்ந்து உட்கார்ந்திருந்தாலோ அது வலியாக இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பொறுமைக்கு உதாரணம் வேண்டுமென்றால் சென்னை ராயப்பேட்டையில் காமிரா பழுதுபார்க்கும் சேகர் என்பவர் செய்ததைச் சொல்லலாம். 2004 சுனாமிக்குப் பிறகு தன் வீட்டு மாடியில் பறவைகளுக்கு அரிசி வைத்தார். இரண்டு பச்சைக்கிளிகள் வந்தன. பல வருஷம் காலையும் மாலையும் ஊறவைத்த அரிசியைப் பலகைகளில் பரப்பி வைத்தார். ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்து தின்றுவிட்டுப் போயின. ஒன்றைக்கூட அவர் பிடிக்கவில்லை. அதே இடம், அதே நேரம், அதே தீனி, பிடிக்காத கை. காட்டுக் கிளிக்கே இது போதுமென்றால் வீட்டுக் கிளிக்குப் போதாதா?

வீட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. பறவையின் நுரையீரல் ரொம்ப மென்மை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவத்தி, கற்பூரப் புகை எதுவும் அதன் அறையில் வேண்டாம். நான்ஸ்டிக் வாணலி அடுப்பில் வெறுமனே காய்ந்து தீய்ந்தால் கிளம்பும் ஆவியில் கிளி சில நிமிஷத்தில் செத்துவிடும். வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

கூண்டைச் சுத்தம் செய்யும்போது காகிதத்தை முதலில் நனைத்துவிட்டு எடுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி மூலம் 'சிட்டகோசிஸ்' என்ற காய்ச்சல் மனிதருக்கு வரும். காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் என்று வந்தால் டாக்டரிடம் "வீட்டில் கிளி இருக்கிறது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சரியான ஆன்டிபயாடிக் மாத்திரையில் குணமாகிவிடும். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இதற்குக் கஷாயம் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் கிளியே வேண்டாம்.

போன மாதம் அந்தக் குடும்பம் மறுபடி வந்தது. பேத்தி விரலைக் காட்டினாள். தழும்பு மட்டும் இருந்தது. கிளி இப்போது அவள் கையில் ஏறுகிறதாம், காலையில் மட்டும் அவளே கேட்பதில்லையாம். பாட்டி மடியில் வந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பைக் கொத்துகிறது. அப்பாவைத்தான் இன்னும் கிட்டே விடவில்லை. ராத்திரியில் விளக்கைப் போட்ட கை அல்லவா? அவர் பொது ஷிஃப்ட் வாரங்களில் சாயங்காலம் கூண்டிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாராம், கையில் ஒரு சூரியகாந்தி விதையோடு.