இலகுவான தரவு அணுகற் படையை வடிவமைத்தல்

மாணவர்களே, பாடசாலை நூலகம் ஒன்றுக்கான வலைச் செயலியைக் கருதுக. நூலைத் தேடல், இரவல் வழங்கல், மீளப் பெறல் என அதிற் பல பக்கங்கள் உள்ளன. ஒவ்வொரு பக்கமும் தானே தரவுத்தளத்துக்கு எஸ்.கியூ.எல். கூற்றுகளை அனுப்பினால், ஒரு புலத்தின் பெயரை மாற்றும்போதும் அப்புலத்தைப் பயன்படுத்தும் பக்கங்கள் அனைத்தையும் தேடித் திருத்த நேரிடும்.

எனவே, தரவுத்தளத்துடன் தொடர்புகொள்ளும் பணி முழுவதையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கலாம். பக்கங்களுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் அமையும் இப்பகுதியே தரவு அணுகற் படை எனப்படும்.

வடிவமைக்கும் முறை

1. தரவுத்தள இணைப்பை ஓரிடத்தில் மட்டும் ஏற்படுத்துக.
2. ஒவ்வோர் அட்டவணைக்கும் சேர்த்தல், வாசித்தல், இற்றைப்படுத்தல், நீக்கல் ஆகியவற்றுக்கான சார்புகளை எழுதுக.
3. பக்கங்கள் இச்சார்புகளை மட்டுமே அழைக்க வேண்டும். பக்கத்தினுள் எஸ்.கியூ.எல். இடம்பெறலாகாது.
4. தேவையற்ற சார்புகளை எழுத வேண்டாம். படை இலகுவாக இருப்பது இதனாலேயே.

பாதுகாப்பு

நூலொன்றை நீக்கும் கூற்றில், பயனர் தட்டச்சு செய்த நூல் இலக்கத்தை அப்படியே ஒட்டுவதாகக் கொள்வோம். ஒருவர் 25 என்பதுடன் “அல்லது 1=1” எனும் நிபந்தனையையும் எஸ்.கியூ.எல். மொழியிற் சேர்த்து அனுப்பினால் என்ன நடக்கும்? 1=1 எப்போதும் உண்மை. ஆகவே ஒரு பதிவு அன்றி, அட்டவணையின் எல்லாப் பதிவுகளும் நீங்கிவிடும். இது எஸ்.கியூ.எல். உட்செலுத்தல் எனப்படும்.

இதனைத் தடுக்க, கூற்றில் பெறுமானம் வரவேண்டிய இடத்தில் வினாக்குறி (?) இட்டுக் கூற்றை முன்கூட்டியே தயாரித்து, பெறுமானத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். அப்போது பயனர் எதைத் தட்டச்சு செய்தாலும் அது வெறும் தரவாகவே கொள்ளப்படும், கட்டளையாக மாறாது. தரவு அணுகற் படை இருந்தால் இக்காப்பை ஒரே கோப்பிற் செய்து முடிக்கலாம்.

உதாரணம்

பி.எச்.பி. மொழியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகும் பழைய சார்புகள், 2013 இல் வெளிவந்த 5.5 ஆம் பதிப்பில் தவிர்க்கப்பட வேண்டியவையாக அறிவிக்கப்பட்டன. 2015 இல் வெளிவந்த 7.0 ஆம் பதிப்பில் அவை முற்றாக அகற்றப்பட்டன. அச்சார்புகளைப் பக்கந்தோறும் எழுதியிருந்தவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. தனிப்படையில் எழுதியிருந்தவர்களுக்கு அப்படையைத் திருத்துவது போதுமானதாயிற்று.

மாதிரி வினா

தரவு அணுகற் படையின் நன்மைகள் இரண்டைத் தருக.

விடை: (அ) மாற்றங்களை ஓரிடத்திற் செய்யலாம். (ஆ) உட்செலுத்தலுக்கு எதிரான காப்பை எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே சீராக வழங்கலாம்.

கவனிக்க: “பாதுகாப்பானது” என்று மட்டும் எழுதாது, எதனிடமிருந்து பாதுகாக்கிறது என்பதையும் குறிப்பிடுக.