சம்பளத்துக்கு எத்தனை கிலோ பூண்டு?

அன்புள்ள மருமகளுக்கு,

கிளாவரைப் பூண்டை இணையத்தில் விற்க, வெளியூரில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மார்க்கெட்டிங் உதவியாள் ஒருவரை அமர்த்தப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மாதம் 8,000 ரூபாய் கேட்கிறாராம். தடுப்பதற்காக மாமா எழுதவில்லை. வடுகபட்டிப் பூண்டு மண்டியில் கணக்கு எழுதியே தலை நரைத்தவர் மாமா. ஆள் பேசுவதற்கு முன்னால் இந்தச் செலவுக் கணக்கை நீயும் ஒருமுறை போட்டுப் பார்.

8,000 முழுச் செலவு இல்லை. அந்த உதவியாள் ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனத்தின் ஆளாக இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து 9,440 ஆகிவிடும். டவுனில் பதிவு வைத்திருக்கும் கடைக்காரர் அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். சொந்த நிலத்து விளைச்சலை விற்கும் விவசாயி பதிவு செய்ய வேண்டியதில்லை. அதனால் கழிக்க வழியும் இல்லை. விளம்பரப் பணம் தனி. இன்ஸ்டாகிராமில் மாதம் 3,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டால் வரியோடு 3,540. ஆக மொத்தம் 12,980.

இதைக் கிலோவாக மாற்று. மண்டியில் போட்டால் கிடைப்பதைவிட, நேராக விற்றால் பெட்டி, கூரியர் போகக் கிலோவுக்கு 80 ரூபாய் கூடுதலாக நிற்கிறது என்று வைத்துக்கொள். இந்தச் செலவு முழுவதும் அந்த 80-லிருந்துதான் வர வேண்டும். மாதம் 163 கிலோ விற்றால்தான் செலவு கட்டும். அதற்குக் கீழே போனால் வடுகபட்டிக்கு லாரி ஏற்றுவதே மேல். உன் 80 எவ்வளவு என்பது உனக்குத்தான் தெரியும். அதைப் போட்டுப் பார்.

இன்னொன்று. பூண்டு ஆண்டுக்கு இரண்டு போகம். சம்பளமும் விளம்பரமுமோ பன்னிரண்டு மாதமும் ஓடும். வருஷத்துக்கு 1,55,760 ரூபாய். சரக்கு கையில் இருக்கும் மூன்று மாதத்துக்கு மட்டும் பேசினால் 38,940-ல் முடியும். பைவர் மாதிரித் தளங்களில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஆள் பிடிக்கலாம். அங்கே வேலை செய்பவரின் கூலியில் 20 சதவீதத்தைத் தளமே எடுத்துக்கொள்ளும். அதையும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்வார்.

சில வேலைகளுக்கு ஆளே வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் 2018-லிருந்து இலவசம். விலைப்பட்டியல், தானாகப் போகும் பதில் எல்லாம் அதிலேயே உண்டு. கூகுள் மேப்பில் உன் இடத்தைப் பதிவதற்கும் காசு இல்லை. உன்னுடையது கொடைக்கானல் மலைப்பூண்டு; அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அந்தப் பெயரைப் பெட்டியில் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனராகச் சென்னைப் பதிவகத்தில் நீ பதிய வேண்டும். 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். எந்த விளம்பரத்தையும்விட இதை முதலில் செய்.

ஆள் எதற்கு வேண்டும் என்றால், நீ காட்டில் களை எடுக்கும் நேரத்தில் வரும் விசாரிப்புக்குப் பதில் சொல்ல, ஆர்டரைப் பட்டியலில் ஏற்ற, போன வருஷம் வாங்கியவர்களை இந்த வருஷமும் கூப்பிட. இதை நன்றாகச் செய்கிறவருக்குக் கூலி கொடுக்கக் கையைச் சுருக்காதே.

ஆனால் பூண்டு தெரியாதவர் படம் போட்டால் என்ன ஆகும் என்று மாமா பார்த்திருக்கிறார். அடுப்புக்கு மேலே பரணில் கொத்துக் கொத்தாகத் தொங்கி, புகை குடித்து, மேல்தோல் பழுப்பேறிய பூண்டு அது. அதை அழுக்கு என்று நினைத்து, படத்தில் வெளுப்பாக்கிப் போட்டான் ஒரு பையன். வெள்ளைப் பூண்டை எதிர்பார்த்து வாங்கியவர்கள் பார்சலைத் திருப்பி அனுப்பினார்கள். போக வர இரண்டு கூரியர் செலவும் விவசாயி தலையில். புகையையும் பரணையும் காட்டியிருந்தால் அந்தப் பழுப்பே சரக்குக்குச் சாட்சியாக இருந்திருக்கும்.

அதனால் பக்கத்திலேயே தேடிப் பார். இந்தப் பூண்டுக்குக் குறியீடு வாங்க முன்னின்றது கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் பூம்பாறை, மன்னவனூர்ப் பெண் யாராவது வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்க முடிந்தால், பூண்டைப் பற்றி அவளுக்கு நீ பாடம் எடுக்க வேண்டியிருக்காது. உன் நேரமும் செலவுதானே.

யாரை அமர்த்தினாலும் நம்பர், பக்கம், பாஸ்வேர்டு மூன்றும் உன் பேரில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பட்டியல் உன் நோட்டிலும் இருக்கட்டும். பணம் உன் கணக்குக்கே வரட்டும். ஆள் விலகினாலும் கடை விலகாது.

கிளாவரையிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பார்சல் பஸ்ஸில்தான் இறங்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை பெட்டி இறக்க முடியும் என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு, அதற்கேற்ற அளவுக்கு விளம்பரம் போடு. அடுத்த லோடு வரும்போது முதல் மாத ஆர்டர் நோட்டை எடுத்து வா. மாமாவும் நீயும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா