பலென்சியாவும் மறைமலை நகரும்: ஏணி பற்றிய சில கட்டுக்கதைகள்

மறைமலை நகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 80,000-ஐத் தாண்டிவிட்டது. ஸ்பெயினின் பலென்சியா நகரத்தில் இன்றைக்கும் அவ்வளவு பேர் இல்லை. (கடலோரத்துப் பெருநகரமான வலென்சியா வேறு. இது உள்நாட்டில், கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள ஊர்.) பலென்சியாவை ஒட்டி வில்லாமுரியலில் ரெனோ கார் ஆலை இருக்கிறது. நமக்கு ஒரகடத்தில் 2010-இல் தொடங்கிய ரெனோ-நிஸான் ஆலை. ஷிஃப்ட் பஸ், ஒப்பந்தத் தொழிலாளர், ஆலை இருமினால் ஊருக்கே காய்ச்சல் என்று இரண்டு ஊர்களுக்கும் பொதுவானவை நிறைய.

அந்த ஊரின் கூடைப்பந்து கிளப் 2023-இல் ஸ்பெயினின் உச்ச லீக்கான ஏசிபி-க்குள் நுழைந்தது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஆடுகிற அதே லீக். ஐரோப்பாவில் இதைவிடக் கடினமான உள்நாட்டுப் போட்டி இல்லை என்பது பலருடைய கணிப்பு. இப்படியொரு செய்தி வந்தால், ஜி.எஸ்.டி. சாலையோரம் சிமெண்ட் தரையில் வலை கிழிந்த வளையத்துக்குப் பந்து போட்டுக்கொண்டிருக்கும் பையன்களுக்கு, "நம்ம ஊர்லயும் ஒரு கிளப் இப்படி ஏற முடியாதா?" என்று தோன்றத்தான் செய்யும். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில்களில் பாதி, கேட்பவரை உற்சாகப்படுத்தவோ வாயடைக்கவோ சொல்லப்படுபவை. அவற்றைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

"ஜெயிச்சா தானா மேலே போயிடலாம்"

ஸ்பெயின் பற்றி நாம் நம்புவது இது. அங்கே எல்லாம் ஒழுங்கு, இங்கேதான் பணமும் அரசியலும் என்று ஒரு எண்ணம். பலென்சியாவின் கதையே இதை மறுக்கிறது. 2023-க்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 2015-16 சீசனில், அந்த கிளப் இரண்டாம் நிலை லீக்கான லெப் ஓரோவில் சாம்பியன் ஆனது. விதிப்படி மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை, பணம் பத்தவில்லை. அதே ஆண்டு இன்னொரு இடத்தை ஆடிப் பெற்ற மெலில்லாவும் ஏற முடியாமல் நின்றுபோனது.

ஏன் இப்படி? ஏசிபி என்பது கிளப்புகளே சேர்ந்து நடத்தும் சங்கம். 1983 முதல் உச்ச லீக்கை அதுதான் நடத்துகிறது. அதற்குக் கீழே உள்ள லீக்குகளை நடத்துவது கூடைப்பந்து சம்மேளனம். ஆக, கீழிருந்து மேலே வரும் கிளப் ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு வேறொருவர் வீட்டுக்குக் குடிபோகிறது. அந்த வீட்டுக்காரர் நுழைவுத் தொகையாகப் பல மில்லியன் யூரோ கேட்டார். ஒரு சின்ன நகரத்து கிளப்பின் ஒரு வருட மொத்தச் செலவைவிட அது அதிகம். பலென்சியாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புர்கோஸில், உள்ளூர் ஃபோர்டு கார் விற்பனையாளரின் பெயரைத் தாங்கிய ஒரு கிளப் ஒன்றுக்கு மேற்பட்ட முறை களத்தில் இடத்தை வென்றது. ஒவ்வொரு முறையும் கதவு சாத்தியே இருந்தது. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில் அந்தக் கட்டணம் போட்டிக்கு எதிரானது என்று சொல்லி, ஸ்பெயினின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் ஏசிபி-க்கு அபராதம் விதித்தது. நிபந்தனைகள் இளகின. அதே ஆண்டு புர்கோஸின் புதிய கிளப்பான சான் பாப்லோ உள்ளே போனது.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. கூடைப்பந்தில் இல்லை, கால்பந்தில். 2019 மார்ச் 9, கோவை ஜவஹர்லால் நேரு மைதானம். சென்னை சிட்டி எஃப்சி-க்கு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி ஆட்டம், எதிரே மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. சென்னை சிட்டி சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. ஆட்டம் தொடங்கிய சூட்டோடு மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் பெட்ரோ மான்ஸி சமன் செய்தார். அடுத்து கோல் போட்டவர், தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா. கூடுதல் நேரத்தில் அவரே இன்னொன்றும் போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே வென்றது, ஆனால் 43-க்கு 42 என்று ஒரு புள்ளியில் பின்தங்கியது. முந்தைய இரண்டு சீசன்களிலும் எட்டாம் இடத்தில் முடிந்த கிளப், பெயரில் சென்னையும் ஆட்டத்தில் கோவையுமாக, தேசிய சாம்பியன் ஆனது.

அதற்குப் பரிசு? பக்கத்திலேயே நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ.எஸ்.எல்-லில் இடம் கிடையாது. அங்கே அப்போது இடம் விலைக்கு வாங்க வேண்டியது. ஏழு மாதத்தில், 2019 அக்டோபரில், ஐ.எஸ்.எல்-தான் நாட்டின் உச்ச லீக் என்ற திட்டத்துக்கு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் தந்தது. கோவை ஏறி நின்ற மாடியே ஒரு தளம் கீழே இறங்கிவிட்டது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போகும் வழி திறந்தது 2022-23 சீசனில்தான். அதைப் பயன்படுத்திக்கொண்டது, பெயரும் உரிமையாளரும் மாறிவிட்டிருந்த அதே பஞ்சாப் கிளப்.

"வெளிநாட்டு ஆளை இறக்கினா போதும்"

சென்னை சிட்டியைப் பற்றி அப்போது கேட்ட ஏளனமும் இதுதான். மான்ஸி அந்த சீசனில் 21 கோல் போட்டார், உண்மை. நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகெஸ் எல்லாம் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், அதுவும் உண்மை. ஆனால் அவர்கள் யாரும் அங்கே நட்சத்திரங்கள் அல்ல. கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஒரே பாணியில் பந்து பரிமாறப் பழகியவர்களாகத் தேடி எடுத்ததுதான் சாமர்த்தியம். சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அந்தப் பாணிக்குள் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்களைப் பொருத்தினார். அவர்களில் பலரை அடுத்தடுத்து ஐ.எஸ்.எல். அணிகள் அள்ளிக்கொண்டு போனதே அதற்குச் சாட்சி.

பலென்சியாவிலும் அமெரிக்கர்கள் ஆடினார்கள். இரண்டாம் நிலையில் பெரும்பாலான கிளப்புகளிலும் ஆடுகிறார்கள். அதனால் இது விவாதத்துக்கே உரியதில்லை.

"கார் கம்பெனி பக்கத்துலயே இருக்கு, ஸ்பான்சருக்கு என்ன குறை?"

எனக்கு மிகவும் பிடித்த கட்டுக்கதை இது. ஏனென்றால் இதை நம்பாத கவுன்சிலரோ, கிளப் செயலாளரோ நம் பகுதியில் இருக்க மாட்டார். ஒரகடத்திலிருந்து மஹிந்திரா வேர்ல்டு சிட்டி வரை இத்தனை ஆலைகள் இருக்கின்றனவே, ஒருவர் மனது வைத்தால் போதாதா?

பலென்சியா வீரர்களின் பனியனில் இருந்த பெயர்களை வரிசையாகப் பாருங்கள். 2016-இல் சாம்பியன் ஆனபோது இருந்தது கேசோஸ் செர்ராட்டோ, அந்த மாகாணத்துப் பாலாடைக்கட்டி நிறுவனம். பிறகு வந்தது ட்ராப்பா சாக்லேட். பக்கத்து மடாலயத்தில் துறவிகள் 1891-இல் தொடங்கிய தொழில் அது. 2023-இல் மேலே போனபோது இருந்தது ஸுண்டர், மின்வாகனங்களுக்கு சார்ஜிங் நிலையம் அமைக்கும் இளம் நிறுவனம், அதுவும் பலென்சியாவில் முளைத்ததே. பாலாடைக்கட்டி, சாக்லேட், சார்ஜர். ஊர் எல்லையில் அத்தனை பேருக்கு வேலை கொடுக்கும் ரெனோவின் பெயர் இந்த வரிசையில் இல்லை.

காரணம் எளிது. உலகக் கம்பெனிக்கு உலக விளம்பரம் வேண்டும். வில்லாமுரியலில் செய்யும் காரை விற்பது பலென்சியாக்காரருக்கு அல்ல, ஐரோப்பா முழுவதற்கும். ஆலை மேலாளர் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஒரு முறை ஷூ வாங்கித் தருவார், பள்ளிக்கு ஒரு வளையம் நட்டுத் தருவார். சீசன் முழுக்கச் சம்பளம் தர மாட்டார். பாலாடைக்கட்டிக்காரருக்கோ வாடிக்கையாளரும் ரசிகரும் ஒரே ஆள்.

இன்னொன்றும் உண்டு. பெரிய ஆலை வருகிற வேகத்தில் போகவும் செய்யும். மறைமலை நகருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். தொண்ணூறுகளிலிருந்து ஊரின் அடையாளமாக இருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு உற்பத்தியை நிறுத்தியது. ஒரு கிளப் அதன் தயவில் இருந்திருந்தால் அதுவும் அன்றோடு சரி. நம் ஊர்க் கிளப்புக்கு உண்மையான ஸ்பான்சர் யார் என்று கேட்டால், நான் பைபாஸில் நான்கு கிளை வைத்திருக்கும் உணவகத்தையும், சிங்கப்பெருமாள் கோவில் நகைக்கடையையும், மெஸ் நடத்திச் சம்பாதித்தவரையும் காட்டுவேன். அவர்கள் தருவது சின்னத் தொகைதான், ஆனால் வருஷா வருஷம் வரும்.

"பேஸ்கட்பால் கான்வென்ட் பசங்க ஆட்டம்"

தேனி மாவட்டத்தில் பெரியகுளம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு அறுபது ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு உண்டு. பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை. கோடை விடுமுறையில், மின்விளக்கு வெளிச்சத்தில், ராணுவ அணியும் வங்கி அணியும் ரயில்வேயும் வந்து ஆடும். மாங்காய் வியாபாரிக்கும் மாட்டு வியாபாரிக்கும் எந்தச் சந்தர்ப்பத்தில் டைம்-அவுட் எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஊர் அது. ராஜபாளையத்திலும் இதே கதைதான்.

உயரம் இல்லை என்பார்கள். ரியல் மாட்ரிட்டின் ஆட்டத்தையே நடத்திச் செல்லும் ஃபகுண்டோ கம்பாஸ்ஸோ ஆறடிக்குக் குறைவு. விடுங்கள்.

திறமை இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியின் ஆண்கள் இறுதியில் தமிழ்நாடு பஞ்சாபை வீழ்த்தியது. அந்தப் பஞ்சாபின் பலம் லூதியானா அகாடமி. சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளர் ஊர் ஊராகப் போய் உயரமான பையன்களைக் கண்டுபிடித்து வளர்த்த இடம். பல்லோ கே என்ற கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங் அங்கிருந்து கிளம்பித்தான், ஃப்ளோரிடா வழியாக, 2015-இல் என்.பி.ஏ. தேர்வில் டல்லாஸ் அணியால் எடுக்கப்பட்டார். நமக்குப் பக்கத்திலேயே காட்டாங்கொளத்தூரில் இருக்கும் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் பேர் பெற்றது. வீரர்களுக்குப் பஞ்சம் இல்லை. படிப்பு முடிந்ததும் அவர்கள் ஐ.ஓ.பி., ரயில்வே, வருமான வரி, காவல்துறை என்று வேலை தேடிப் போகிறார்கள், அதுவும் சரியான முடிவுதான். சம்பளமும் ஓய்வூதியமும் தரும் அணியை விட்டு எவன் ஊர்க் கிளப்புக்கு ஆடுவான்?

"ஒரு தடவை ஏறிட்டா கவலையில்ல"

2023 ஜூனில், மாட்ரிட்டில், எஸ்டுடியாண்டஸ் என்ற பழம்பெரும் தலைநகர் கிளப்பை அதன் சொந்த ரசிகர்கள் முன்னால் வீழ்த்தித்தான் பலென்சியா மேலே போனது. அடுத்த மே மாதமே கடைசி இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்துத் திரும்பி வந்தது. ஒரே சீசன். புர்கோஸின் சான் பாப்லோ 2020, 2021 என்று இரண்டு முறை சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் சாம்பியன்ஸ் லீக்கை வென்று, 2022-இல் ஏசிபி-யிலிருந்து தரமிறக்கப்பட்டது. பலென்சியா அளவே உள்ள மன்ரேசா 1998-இல் ஆறாம் இடத்திலிருந்து பாய்ந்து ஸ்பெயின் சாம்பியனே ஆனது. இரண்டு வருடத்தில் கீழே. சென்னை சிட்டி அளவுக்கு மோசம் யாருக்கும் இல்லை. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கிய பிறகும், 2020-21 சீசனோடு அது ஐ-லீக்கிலிருந்தே காணாமல் போனது.

வித்தியாசம் எங்கே என்றால், பலென்சியா இறங்கியபோது விழுவதற்கு ஒரு தளம் இருந்தது. அடுத்த சீசனில் அதே அரங்கில், இரண்டாம் நிலையில் ஆட்டம் தொடர்ந்தது. உச்ச லீக்கில் சீசனுக்கு 34 ஆட்டங்கள், அதில் 17 சொந்த ஊரில். கீழே வந்தாலும் ஏறக்குறைய அதே கணக்கு. செப்டம்பர் முடிவிலிருந்து மே வரை ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, டிக்கெட் விற்க ஒரு காரணம் இருக்கிறது, பாலாடைக்கட்டிக்காரர் பனியனில் பேர் போட ஒரு நியாயம் இருக்கிறது.

நம்மிடம் இருப்பது டோர்னமெண்ட். ஐந்து நாள் அல்லது ஒரு வாரம், நாக்-அவுட்டில் தோற்றால் பையைக் கட்டு. தேசிய அளவில் 2022-இல் தொடங்கிய ஐ.என்.பி.எல். லீக்கும் ஆறு பெருநகரங்களின் பெயரில் அமைந்தது. சென்னை ஹீட் அதில் ஆடியது. அதற்குள் நுழையக் கீழே எந்தப் படியும் வைக்கவில்லை. பெரியகுளம் அறுபது வருடம் போட்டி நடத்தியும் பெரியகுளம் என்ற பெயரில் ஒரு அணி அங்கே ஆட முடியாது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் எட்டு அணிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் மற்ற ஏழுடன் ஒருமுறை சொந்த ஊரிலும் ஒருமுறை எதிராளி ஊரிலும் ஆடினால் 56 ஆட்டங்கள், ஒவ்வொரு அணிக்கும் வாரம் ஒன்று என்று பதினான்கு வாரம். மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று எழுதிப் பார்த்தால் எட்டு ஊர் சுலபமாக வருகிறது. எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் உண்டு. கூரை போட்ட தரை எத்தனை ஊரில் இருக்கிறது என்பதுதான் முதலில் எண்ண வேண்டிய கணக்கு, ஏனென்றால் அக்டோபரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை பாதி ஆட்டங்களைத் தின்றுவிடும். ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தால் ஏப்ரல் கடைசிக்குள் முடிந்துவிடும்.