லண்டன் – சூரிச்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

புதிதாக வந்த உறவுகள் பலர் கேட்கும் கேள்வி: "அண்ணா சூரிச்சில இருக்கிறார். இங்கயிருந்து கனதூரமோ?"

வான்வழியாகச் சுமார் 780 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் – கொழும்பு வீதித் தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நேரடி விமானத்தில் ஒன்றே முக்கால் மணித்தியாலம் அளவில் செல்லும்.

ரிக்கெற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதில் அந்தந்த நாட்டு நேரமே இருக்கும். சூரிச் நேரம் லண்டனை விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நிற்கும். உதாரணமாக, லண்டனில் காலை 10.00க்கு வெளிக்கிட்டால் சூரிச்சில் இறங்கும்போது அங்கே 12.45. பிற்பகல் 2.00க்கு அங்கிருந்து வெளிக்கிட்டால் இங்கே 2.45.

தூரம் கிட்டத்தான். ஆனால் தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்கள் போகக் கூடாது. ஏ.ஆர்.சி. காட் பயணப் பத்திரம் அல்ல. முடிவுக்கு முன் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறினால், கோரிக்கையை நீங்களே கைவிட்டதாக உள்துறை அமைச்சு எடுத்துக்கொள்ளலாம். "ரெண்டு நாளில திரும்பி வந்திடுவன்" என்று நினைக்காதீர்கள். கலியாணமோ செத்தவீடோ, முதலில் உங்கள் சொலிசிட்டருடன் கதையுங்கள்.

அண்ணா இங்கே வரலாம். அவர் சுவிஸ் குடியுரிமை பெற்றவர் என்றால் கடவுச்சீட்டு வேண்டும். அடையாள அட்டை மட்டும் பொதுவாகப் போதாது. 2025 ஏப்ரல் 2 முதல் ஈ.ரி.ஏ. அனுமதியும் எடுக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றால், சுவிஸ் வதிவிட அனுமதி இருந்தாலும் பிரித்தானிய விசா தேவை. ரிக்கெற் போடுவதற்கு முன் இவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.