வேலை போனாலும் இழப்பீடு உண்டு

திருமுல்கேரியில் ஒரு மரப்பட்டறை. அங்கே ரம்பத்தில் பலகை அறுக்கும் தொழிலாளி ஒருவர். வயது 40. மாதச் சம்பளம் 12,000 ரூபாய். ஒரு நாள் ரம்பம் அவருடைய வலது கைக் கட்டைவிரலை வெட்டிவிட்டது.

காயம் ஆற ஒரு மாதம் ஆனது. பிறகு பட்டறைக்குப் போனார். முதலாளி ஒரு தாளை நீட்டினார்.

"இனி உன்னால் ரம்பத்தில் நிற்க முடியாது. இந்தா, ஐயாயிரம். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ."

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்.

"வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் முதலாளி" என்றார். நல்ல பதில்!

பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். "இனிமேல் எந்தப் பாக்கியும் கேட்க மாட்டேன்னு எழுதியிருக்கு, மாமா."

அவர் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால்? அப்போதும் உரிமை போயிருக்காது. இழப்பீடு வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இந்தச் சட்டம் 1923-இல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துள்ளது. வேலையால், வேலை நேரத்தில் காயம் பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். வேலையை விட்டு நீக்கிவிட்டாலும் தர வேண்டும். நீக்கியது சரியா, தவறா என்பது வேறு வழக்கு.

எவ்வளவு கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சம்பளத்தில் நூற்றுக்கு 60 பங்கு எடுக்க வேண்டும். 12,000 ரூபாயில் அது 7,200 ரூபாய். வயதுக்கு ஏற்ற எண் ஒன்று சட்டத்தில் உண்டு. 40 வயதுக்கு அது 184.17. இரண்டையும் பெருக்கினால் 13,26,024 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. கட்டைவிரல் முழுதும் போனால் நூற்றுக்கு 30 பங்கு என்று அட்டவணை சொல்கிறது. அப்படியானால் ஏறக்குறைய 3,97,800 ரூபாய்.

முதலாளி நீட்டியதோ ஐயாயிரம்!

சில நேரம் அட்டவணையைவிடக் கூடுதலாகவும் கிடைக்கும். ஒடிசாவில் ஒரு தச்சர் இருந்தார். 1968 ஜூலை 6 அன்று சினிமாக் கொட்டகை ஒன்றில் வேலை செய்தபோது விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. இது முழு ஊனம் அல்ல என்று முதலாளி வாதாடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே தச்சருக்கு இது முழு ஊனமே என்று 1975-இல் தீர்ப்பு வந்தது. 9,800 ரூபாய் இழப்பீடு. அதில் பாதி அபராதம். வட்டி வேறு. அந்தக் காலத்தில் அது பெரிய பணம். ஆனால் ஏழு வருடம் காத்திருந்தார், பாவம்.

"நீ மேஸ்திரியின் ஆள், எனக்குத் தெரியாது" என்று சில முதலாளிகள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். மேஸ்திரி மூலம் வந்தவருக்கும் முதலாளி பொறுப்பு.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால் வழி வேறு. அப்போது இழப்பீட்டை இ.எஸ்.ஐ. தான் தரும். சனத்நகரில் அதன் பெரிய மருத்துவமனை இருக்கிறது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். ஐதராபாத்தில் ஆர்.டி.சி. குறுக்குச் சாலையில் அஞ்சையா பவன் என்று கேளுங்கள். ஆல்வின் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்து முதலமைச்சரான அஞ்சையாவின் பெயர் அது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையா? 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

மருத்துவமனைச் சீட்டு, சம்பளச் சீட்டு, கூட வேலை செய்தவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சம்பளச் சீட்டு இல்லை என்றால் கூட வேலை செய்தவர்களின் சாட்சி மிகவும் உதவும்.

முதலில் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் நோட்டில் எழுதிப் பழகுங்கள்.

ஐயா,
........ தேதி ........ மணிக்கு உங்கள் பட்டறையில் வேலை செய்யும்போது என் ........ காயம் பட்டது. ........ மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன். சட்டப்படி எனக்கு இழப்பீடு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
........

இதை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மற்றொன்றோடு தபால் ரசீதைச் சேர்த்துத் தைத்து வையுங்கள்.